நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு

ஸ்லேட் க்ரீக்கில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ரீஸ் புரோத்தரோ சொன்ன சொல் தவறாதவர் என்பார்கள். சாராயக் கடைக்காரனும் அதையே சொல்வான், தேவாலயத்துப் போதகரும் அதையே சொல்வார். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அந்த மனிதர் காதைப் பொத்திக்கொள்ளத் துடித்தார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. பன்னிரண்டு வயதில் அப்பாவின் பின்னால் சுரங்கத்துக்குள் இறங்கியவர். முப்பது வயதில் தொழிலாளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து எடை மேடைக்கு அனுப்பினார்கள். நிலக்கரி வண்டி மேலே வரும்போது கம்பெனி ஆள் ஒரு பக்கம் நின்று எடை பார்ப்பான், அந்த எடைக்குத்தான் கூலி. அவன் கை கொஞ்சம் நீளமாகிவிடாதபடி தொழிலாளர் சார்பில் ஒருவர் மறுபக்கம் நிற்க வேண்டும். ரீஸ் ஒன்பது வருஷம் அங்கே நின்றார். மூக்கு நுனி உறையும் பனியிலும் தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கடைசியில் கம்பெனி ஆளே சோம்பேறியாகி, "ரீஸ் என்ன சொல்றானோ அதையே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுப் புகையிலை மெல்லப் போய்விடுவான்.

அப்படிப்பட்டவர் 1906இல் மாநிலச் சட்டசபைக்கு நின்றால் என்ன ஆகும்? எதிர்த்து நின்ற மரக்கடைக்காரருக்கு அவருடைய சொந்த மைத்துனனாவது ஓட்டுப் போட்டானா என்பது இன்றுவரை சந்தேகம்தான். ரீஸ் கஞ்சி போட்ட காலர் இரண்டு வாங்கிக்கொண்டு தலைநகருக்கு ரயிலேறினார். முதல் கூட்டத்தொடரில் சுரங்க வாசலில் குளிக்க வெந்நீர் அறை கட்டவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். இரண்டாவதில் சம்பளத்தை மாதம் ஒருமுறைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வைத்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் அவருக்கு ஆப்பிள் பலகாரம் சுட்டுக் கொடுத்தே அவருடைய இடுப்பை இரண்டு அங்குலம் பெருக்கிவிட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தொடரில்தான், 1911இல், தூசி மசோதா வந்தது. குளிர்காலத்தில் வெளிக்காற்று காய்ந்து கிடக்கும். அது சுரங்கத்துக்குள் போனால் உள்ளே இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். மிச்சம் இருப்பது மாவைப் போன்ற நிலக்கரித் தூசிதான். ஒரு பொறி பட்டால் போதும், சுரங்கமே ஒரு துப்பாக்கிக் குழலாகிவிடும். தினமும் பாதைகளில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும் என்பதுதான் மசோதா. குழாய் போடச் செலவாகும் என்று கம்பெனி மூக்கால் அழுதது.

மசோதாவை எழுதச் சொன்னதே எம்ரிஸ் ஹாப்கின்தான். ரீஸும் அவனும் சின்ன வயதில் ஒரே சுரங்கக் குடைவில் பதினான்கு வருஷம் சேர்ந்து கரி வெட்டியவர்கள். "கணுக்கால் வரைக்கும் புதையுதுடா ரீஸ்" என்றான் எம்ரிஸ், முந்தைய கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது. "இருமக்கூடப் பயமா இருக்கு."

"வர்ற வருஷம் சட்டமாக்கிடுறேன். கவலைப்படாதே."

"நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு எம்ரிஸ் இன்னொரு துண்டு பன்றித் தொடைக்கறியைத் தட்டில் போட்டுக்கொண்டான். அதற்குமேல் அவனுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

சட்டசபையில் ஒரு பழக்கம் உண்டு. ஜோடி போடுவது என்பார்கள். ஒருவர் ஊரில் இல்லாமல் போகவேண்டி வந்தால், எதிர்த்து ஓட்டுப் போடக்கூடிய ஒருவரிடம் வந்து கேட்பார்: நான் இல்லை, நீங்களும் போடாதீர்கள், இரண்டும் கழிந்துவிடும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனால் அதை மீறியவன் கதை முடிந்தது. அதன் பிறகு அவனோடு யாரும் கை குலுக்கமாட்டார்கள். ஓட்டெடுப்பில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று, இன்னாரோடு ஜோடி, அவர் இருந்தால் வேண்டாம் என்பார், நான் வேண்டும் என்பேன், ஆகவே ஓட்டை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்காரவேண்டும்.

ஆம்புரோஸ் டில்லர்ட் தென்கோடியில் புகையிலை விளையும் மாவட்டத்துப் பிரதிநிதி. வக்கீல், எதிர்க்கட்சி, சுரங்க முதலாளிகளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவர். ஆனால் மரியாதை தெரிந்தவர். மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் ரீஸின் மேசைக்கு வந்து நின்றபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"வீட்டுக்காரிக்கு ஆபரேஷன், புரோத்தரோ. பிழைப்பாளான்னு டாக்டரே சொல்லமாட்டேங்கிறார். நான் இன்னிக்கே போகணும். இந்த வாரம் முழுக்க என்னோட ஜோடி போடுவீங்களா?"

"போங்க, போங்க. போட்டாச்சுன்னு வச்சுக்குங்க" என்றார் ரீஸ். அது நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் முழுக்க நல்ல மனது இல்லை. அதை அவரே அன்றைக்கே அறிந்திருந்தார்.

ஏனென்றால் அதற்கு நான்கு நாள் முன்னால் கம்பெனி மேலாளர் க்ரீல் அவரை ஹோட்டலில் பொரித்த சிப்பி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். சிப்பிக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டே பேசினார். அடுத்த வருஷம் வாஷிங்டனில் அமெரிக்க நாட்டுக்கே சட்டம் போடுகிற காங்கிரஸ் சபைக்கு ரீஸ் நிற்கலாமே, கம்பெனி குறுக்கே வராதே என்றார்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்க மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடுங்கன்னு நான் சொல்வேனா? உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒண்ணுமே செய்யாம இருந்தீங்கன்னா அதுவே போதும்."

ரீஸ் கோபமாக எழுந்து வந்துவிட்டார். எழுந்து வந்ததைப் பற்றி இரண்டு நாள் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். மூன்றாம் நாள், சவரம் செய்யும்போது, காங்கிரஸ் உறுப்பினர் புரோத்தரோ என்று கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நாள் டில்லர்ட் வந்து ஜோடி கேட்டார்.

வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. மசோதாவுக்குப் போதுமான ஆள் இருக்கிறது, ரீஸ் போடாவிட்டாலும் ஜெயித்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். காலை பத்தேகாலுக்கு வாசல் காவலர் கோஹன் ஒரு தந்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். ரீஸ் நடைபாதையில், படிக்கட்டுப் பக்கத்தில் நின்று பிரித்தார். மனைவி பிழைத்துவிட்டாள். ஜோடியிலிருந்து உங்களை விடுவிக்கிறேன். மனம்போல் ஓட்டுப் போடுங்கள். டில்லர்ட்.

இரண்டு முறை படித்தார். அப்புறம் மடித்து உள்பையில் வைத்தார். சபைக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். இன்னும் யோசிக்க நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். என் பெயருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மசோதா எப்படியும் ஜெயித்துவிடும், நான் ஏன் க்ரீலைப் பகைத்துக்கொள்ள வேண்டும்? புரோத்தரோ என்று எழுத்தர் கூப்பிட்டபோது மணி பதினொன்றுக்குப் பக்கம். அவர் எழுந்தார். 

"தென்மாவட்டத்து மாண்புமிகு டில்லர்ட்டோடு எனக்கு ஜோடி. அவர் இருந்தால் வேண்டாம் என்பார். நான் வேண்டும் என்பேன். ஆகவே என் ஓட்டை நிறுத்தி வைக்கிறேன்."

அவர் உட்கார்ந்த பிறகு, நம்பியிருந்த இரண்டு பேர் பல்டி அடித்தார்கள். நாற்பத்தேழுக்கு நாற்பத்தேழு. சமமாக விழுந்தால் மசோதா தோற்றதாகவே கணக்கு. எழுத்தர் எண்ணிக்கையை வாசித்தபோது ரீஸுக்கு உள்பை நெஞ்சைச் சுட்டது. எழுந்து, தவறாகச் சொல்லிவிட்டேன், எனக்கு விடுதலை வந்துவிட்டது என்று அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். முடிவை அறிவிக்கும்வரை ஓட்டை மாற்ற விதியில் இடம் உண்டு. சபாநாயகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அரை நிமிஷம் தாமதித்தார். அந்த அரை நிமிஷமும் ரீஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை விடுதி அறையில் தந்தியை அடுப்பில் போட்டார். அடுத்த வாரம் டில்லர்ட் கடிதம் எழுதி, தந்தி நேரத்துக்குக் கிடைத்ததா என்று கேட்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கிடைத்தது, என்ன செய்வது என்று பதில் எழுதினார். சின்னப் பொய்தானே, அடுத்த கூட்டத்தொடரில் மசோதாவை மறுபடி கொண்டுவந்தால் போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தொடருக்குச் சுரங்கம் காத்திருக்கவில்லை. 1912 ஜனவரி, மூன்று வாரம் விடாமல் குளிர் அடித்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்காம் எண் சுரங்கம் வெடித்தது. ஐம்பத்தெட்டுப் பேர். எம்ரிஸை மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். அவனுடைய மனைவி கைன்வென் பூட்ஸின் தையலைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னாள்.

இங்கேதான் ஊர் ரீஸைக் கொல்லத் தொடங்கியது. ஒருவராவது அவரைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். ஒருவரும் திட்டவில்லை. பத்திரிகைக்காரன், சொல்லைக் காத்ததால் நெஞ்சு உடைந்த மனிதர் என்று எழுதினான். தேவாலயத்தில் அவர் தோளைத் தட்டினார்கள். பழியெல்லாம் டில்லர்ட் தலையில் விழுந்தது. வேண்டுமென்றே ஜோடி கேட்டு நல்லவனைக் கட்டிப்போட்ட நரி என்றார்கள். ஆபரேஷனே பொய் என்றுகூடச் சிலர் கிளப்பிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து வரும்போது கைன்வென் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன பண்ணுவே, ரீஸ்? குடுத்த சொல்லை மீற முடியுமா? எம்ரிஸ் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்."

அவருக்கு அந்தக் கையை உதறவேண்டும்போல் இருந்தது. உதறாமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தார். மனைவி லெட்டி, குளிர் பட்டுவிட்டது என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

ஜூன் மாதம் காங்கிரஸுக்கு ஆள் நிறுத்தக் கட்சி மாவட்டக் கூட்டம் கூடியது. ரீஸ் வேண்டாம் என்று ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தார். தன்னடக்கம் என்று நினைத்தார்கள். கூட்டத்தன்று காலை அவர் காலர் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டி உள்ளே வந்தவர் ஆம்புரோஸ் டில்லர்ட். ஒன்றேகால் வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"இருநூறு மைல் தள்ளியிருந்து வர்றேன், புரோத்தரோ. இன்னிக்கு உங்க கூட்டத்துல நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

"உங்களை அடிச்சுப் போட்டுடுவாங்க."

"அடிக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொன்னதில்லை." டில்லர்ட் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு விடிகாலையிலேயே அவ கண்ணைத் திறந்துட்டா. சுரங்க மசோதா என்னாச்சுன்னு கேட்டா. ஜோடி போட்டுட்டு வந்தேன்னு சொன்னேன். அந்த மனுஷன் கையை எனக்காகக் கட்டிப்போடாதீங்க, இப்பவே விட்டுடுங்கன்னா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ரெண்டு நாள் தாடி, அதோட தெருவுல போகக்கூடாதுன்னு உக்காந்து சவரம் பண்ணிட்டுப் போனேன். அப்புறம் காபி குடிச்சேன். ஒன்பது மணிக்குத்தான் தந்தி ஆபீஸ். நேராப் போயிருந்தா தந்தி எட்டுக்கே போயிருக்கும். நீங்க ஓட்டுப் போட்டிருப்பீங்க. ஐம்பத்தெட்டுப் பேரு, ஒரு சவரத்துக்காக! இப்பல்லாம் சவரக் கத்தியை நான் கையால தொடறதில்லை. வீட்டுக்காரிதான் பண்ணிவிடறா."

இப்போது சொல், இந்த மனிதரிடமாவது சொல் என்று ரீஸின் உள்ளே ஏதோ பிடித்துத் தள்ளியது. சொன்னால் வாசலில் காத்திருக்கிற வண்டி, வாத்தியம், லெட்டி தைத்து வைத்திருக்கும் புதுக் கோட்டு, எல்லாம் போகும். எடை மேடையில் நின்ற ஒன்பது வருஷமும் சேர்ந்தே போகும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பொத்தான் கழுத்தில் குத்தியது.

இரும்புக் கடைக்கு மேல்மாடியில் கூட்டம். முன்னூறு பேர், புகையிலைப் புகை, ஜன்னலெல்லாம் திறந்தும் வேர்வை. அந்தக் காலத்தில் ஓட்டு இல்லாத பெண்கள் பின்னால் பரணில் நின்றார்கள். டில்லர்ட் மேடையேறியதும் ஊளை கிளம்பியது.

"மனைவி நல்லாயிருக்காங்களா வக்கீலய்யா?" என்று ஒருவன் கத்தினான். "எங்க வீட்டுப் பொம்பளைங்க விதவையா நல்லாயிருக்காங்க!"

டில்லர்ட் கையை உயர்த்தவில்லை. சவரக் கதையைச் சொன்னார். அப்படியே, ஒன்றையும் விடாமல் சொன்னார். குற்றம் என்னுடையது, இந்த மனிதரைக் காங்கிரஸுக்கு அனுப்புங்கள் என்றார். முன்வரிசையில் இருந்து ஒருவன் எட்டி அவர் பூட்ஸ் மேல் புகையிலைச் சாற்றைத் துப்பினான். டில்லர்ட் கைக்குட்டையை எடுக்கவும் இல்லை, காலை நகர்த்தவும் இல்லை.

அந்தப் பூட்ஸைப் பார்த்ததும் மேடையில் உட்கார்ந்திருந்த ரீஸ் எழுந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"துப்பறதா இருந்தா என்மேல துப்பு, ஹ்யூகி" என்றார். "தந்தி நேரத்துக்கு வந்துச்சு. பத்தேகாலுக்கு என் கையில குடுத்தாங்க. படிச்சேன். பையில வச்சுக்கிட்டு எந்திரிச்சு, ஜோடின்னு சொன்னேன். காங்கிரஸுக்குப் போகணும்னு ஆசை. க்ரீல் சொன்னார், ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்னு. நான் ஒண்ணும் செய்யல. அவ்வளவுதான்."

 அவர் பதினைந்து மாதமாக விடாத மூச்சை அப்போதுதான் விட்டார். இனி அடிப்பார்கள், அடிக்கட்டும் என்று நின்றார்.

கூட்டத் தலைவர் போக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "தந்தி எங்கே, ரீஸ்?"

"எரிச்சுட்டேன்."

போக் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் தளும்பியது. "பாத்தீங்களாடா? எதிராளி மேல ஒருத்தன் துப்பினதைத் தாங்க முடியாம, இந்த மனுஷன் தன் தலையில பழியை இழுத்துப் போட்டுக்கிறான்! இவனை அனுப்பாம வேற யாரை அனுப்புறது?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி ஆரவாரம் எழுந்தது. "உண்மைடா! உண்மையைத்தான் சொல்றேன்!" என்று ரீஸ் கத்தியது அவர் காதிலேயே விழவில்லை. துப்பின ஹ்யூகி அழுதுகொண்டே குனிந்து, டில்லர்ட்டின் பூட்ஸைத் தன் தொப்பியால் துடைத்தான். டில்லர்ட் ரீஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக நீங்க பொய் சொல்லக்கூடாது, புரோத்தரோ. மத்தியானத்துக்கு மேலதான் கிடைச்சுதுன்னு நீங்க எழுதின கடிதம் என் மேசையில இருக்கு."

இந்த ஊர் ஒன்பது வருஷம் அவர் சொன்ன எடையை அப்படியே நம்பியது. அவர் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய உண்மையை மட்டும் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. முன்னூறு கைகள் உயர்ந்தன. போக் எண்ணக்கூட இல்லை.

ரீஸ் பின்படி வழியாக முற்றத்துக்கு இறங்கினார். அங்கே நீள மேசை போட்டு விருந்துக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள் கைன்வென். பரணிலிருந்து மற்றவர்களுக்கு முன்பே இறங்கி வந்திருக்கிறாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"தந்தி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னே?"

"பத்தேகால்."

"உன் பேரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க?"

"பதினொண்ணுக்குப் பக்கம்."

அவள் உதடு அசைந்தது. முக்கால் மணி நேரத்தை அவள் மனதுக்குள் நடந்து பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கறுப்பு உடையின் கழுத்துப் பட்டையை ஒரு விரலால் தளர்த்திவிட்டுக்கொண்டாள்.

"நீ நம்புறியா, கைன்வென்?"

"பொய் சொல்றப்ப நீ பூட்ஸைப் பாப்பே. எம்ரிஸைப் புதைச்ச அன்னிக்கு என் முன்னாடி அதைத்தான் பாத்துக்கிட்டு நின்னே. துக்கம்னு நினைச்சேன். இன்னிக்கு மேடையில நேராப் பாத்தே."

மாடியில் வாத்தியம் தொடங்கிவிட்டது. படியில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது, அவரைத் தோளில் தூக்க வருகிறார்கள். ரீஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போய் அவங்ககிட்டச் சொல்லு. உன் வாயால சொன்னா நம்புவாங்க. இவன் வேண்டாம்னு சொல்லு. உன் கால்ல விழறேன், கைன்வென், அவங்க என்னை அனுப்பப் போறாங்க!"

அவள் ரொட்டியைத் துணிபோட்டு மூடினாள். 

"நான் சொல்லி என்ன ஆகும்? எனக்கு ஓட்டு இல்ல, ரீஸ்" என்றாள். "உனக்கு இருந்துச்சு."